குழியில் மஞ்சளான அன்னாசி

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் நாங்கள் செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் என் வீட்டுக்குப் பின்னால் அன்னாசி போட்டிருந்தேன். ஒருநாள் தோட்டத்தில் கணக்கும் ஆள் பேரும் எழுதும் கிராணி வந்து, ஜப்பான் அதிகாரிக்கு மூன்று நாளில் அன்னாசிப் பழம் வேண்டும் என்றார்.

"இன்னும் காயா இருக்குங்கய்யா."

"வெட்டி வாழைத்தாரோட குழியில போட்டு மூடு. பழுத்துரும்லா."

நானும் நம்பினேன். மூன்றாம் நாள் தோல் மஞ்சளாகியிருந்தது. கொடுத்தனுப்பினேன். வெட்டிய வாழைக்காய் குழிக்குள் இனிக்கும். வெட்டிய அன்னாசிக்கு நிறம்தான் மாறும், புளிப்பு அப்படியே இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அதிகாரி கடித்துத் துப்பிவிட்டுக் கிராணியை அறைந்தானாம். கிராணி நேராக என் வாசலுக்கு வந்தார்.

"வேணும்னே காயக் குடுத்தியா? ஒம் புருஷன் பேர சயாம் லிஸ்ட்ல எழுதிட்டேன்."

"குழியில போடச் சொன்னது நீங்கதானே?"

"நான் எப்பச் சொன்னேன்?"

சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போன எங்கள் தோட்டத்து ஆட்களில் ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை. அன்றே என் கணவர் யான் என்ற ஊரில் வயல் வைத்திருந்த மலாய் நண்பரிடம் ஓடினார். ஜப்பான்காரன் போகும்வரை அங்கேயே நாற்று நட்டு உயிர் பிழைத்தார்.

சண்டை முடிந்ததும் கிராணி வந்து, "பழச மறந்துரு தங்கச்சி" என்றார். அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன்.

இப்போதெல்லாம் செடியிலேயே பழுத்து மணக்காத அன்னாசியை நான் வெட்டுவதில்லை. யாராவது எனக்கு உத்தரவு போட்டால், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவள் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறேன்.