நாற்பத்தொரு நாள் கட்டு

சட்டம் எழுதியவர்களுக்குக் கை முறிந்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன். முறிந்திருந்தால் ஒரு மாதம் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

என் புருஷன் வாவியில் வீச்சுவலை போடுகிறவர். ஒரு நாள் விடியக்காலை குருக்கள்மடத்துக் கரையில் தோணியை இழுத்துக்கொண்டு நின்றபோது பொலிஸ் வந்தது. கசிப்புச் சாராயம் காய்ச்சும் ஒருவனைத் தேடி வந்தவர்கள், பெயர் ஒன்றாக இருந்ததால் இவரைப் பிடித்தார்கள். வலது கையைப் பின்னால் முறுக்கி ஜீப்புக்குள் தள்ளியதில் தோளுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மத்தியானம், ஆள் மாறிவிட்டது, வீட்டுக்குப் போ என்றார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போகாதது என் முடிவு. அடிபட்ட காயம் என்றால் அங்கே முதலில் விசாரித்து எழுதுவது ஆஸ்பத்திரியில் இருக்கும் பொலிஸ்தான். பொலிஸ் முறித்த கையைப் பொலிஸிடமே போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் முறிவு வைத்தியரிடம் போவதுதான் வழக்கமும். அவர் மூங்கில் சிம்பு வைத்து, எண்ணெய் விட்டுக் கட்டினார்.

"நாப்பத்தொரு நாளைக்கு அவிழ்க்கப்படாது. பஸ்ஸில ஏறப்படாது. குலுங்கினா எலும்பு விலகிரும்."

அவர் சொன்னபடியே இருந்தோம். நாற்பத்திரண்டாம் நாள் மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். சம்பவம் நடந்த நாளைக் கேட்டார். நான் சொன்னதும் பேனையை மூடி வைத்தார்.

"அடிப்படை உரிமை வழக்கெண்டா ஒரு மாதத்துக்குள்ள கொழும்பில போட்டிருக்கோணும் தங்கச்சி."

"கட்டு அவிழ்க்காம எப்பிடி ஐயா வாற?"

"அது சட்டத்துக்குத் தெரியாதே."

அவர் நல்ல மனிதர். ஆனாலும் அந்த மேசையைப் புரட்டிவிட வேண்டும் போலிருந்தது. எலும்பு பொருந்த நாற்பத்தொரு நாள், நியாயம் கேட்க முப்பது நாள். யாரைக் கேட்டு வைத்தார்கள் இதை?

மிச்சமிருந்தது ஒரு வழி. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடலாம். அதற்கு இரண்டு வருஷம் தவணை உண்டு. ஆனால் ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றும் எங்களிடம் இல்லை. கை முன்போல இல்லை என்று சட்ட வைத்திய அதிகாரி எழுதித் தந்தால்தான் வழக்கு நிற்கும் என்றார் சட்டத்தரணி. அந்த ஒரு தாளுக்காக மாதக்கணக்கில் அலைந்தோம்.

கடைசியில் ஒரு நாள் சட்ட வைத்திய டொக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு நல்லாப் பொருந்தியிருக்கு. தூக்குங்க பாப்பம்."

என் புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு தலைக்கு மேலே தூக்கினார். நெற்றி முழுக்க வேர்வை.

"நோகுதா?"

"இல்ல ஐயா."

"தொழில் செய்யலாமா?"

"ஓம் ஐயா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஜீப்பிலும் இந்த மனிதர் இப்படித்தான் ஓம் ஐயா, இல்ல ஐயா என்று இருந்திருப்பார். மேசைக்குப் பின்னால் கதிரையில் இருப்பவன் கேட்டால் நோவில்லை என்று சொல்வதுதான் ஆம்பிளைக்கு அழகு என்று யார்தான் இவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ. டொக்டர் எழுதத் தொடங்கினார்.

"பொய் சொல்றார் டொக்டர்," என்றேன். "வலை தொட்டு ஏழு மாதம். அந்த விரலுகள் ஒண்டையும் பிடிக்காது. சேட்டுப் பொத்தான் இண்டைக்கும் நான்தான் பூட்டிவிட்டனான். சோறும் இடது கையாலதான் தின்றார்."

"சும்மா இரு புள்ள," என்றார் என் புருஷன்.

டொக்டர் எழுதியதை வெட்டினார். பொத்தானைக் கழற்றிப் பூட்டச் சொன்னார். இவர் இடது கையால் கழற்றினார். வலது கையால் பூட்ட முடியவில்லை. விரல்கள் பொத்தானில் வழுக்கி வழுக்கி விழுந்தன. போதும், நரம்பு அடிபட்டிருக்கு என்று சொல்லிவிட்டு டொக்டர் நெடுநேரம் எழுதினார்.

எங்களுக்கு வேண்டிய தாள் கிடைத்தது. வெளியே வந்து சட்டையைப் பூட்டிவிடக் கையை நீட்டினேன். என் புருஷன் தட்டிவிட்டார். கையை முறித்தவனைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் முகத்தில் அப்படியொரு கோபத்தை நான் கண்டதில்லை.