ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு பூஜ்யம்

தொற்றுநோய் தலைகளை எண்ணிப் பரவுவதில்லை. யார் யாரோடு பழகுகிறார்களோ அந்த வழியில்தான் போகிறது. சிதம்பரத்தில் ஒரு பேராசிரியரிடம் நான் உதவியாளனாக இருந்த ஆய்வின் அடிப்படையே இதுதான். சேத்தியாத்தோப்புப் பக்கம் எங்கள் கிராமத்தையே எடுத்துக்கொண்டோம். ஊர்த்தெரு ஒரு பிரிவு, காலனி ஒரு பிரிவு. இரண்டுக்கும் இடையே ஒரு நாளில் எத்தனை சந்திப்பு நடக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது என் வேலை. அந்த எண்ணைச் சமன்பாட்டில் போட்டால், ஃப்ளூ வந்தால் எந்தத் தெருவுக்கு எப்போது போகும் என்று சொல்லிவிடலாம். நான் காலனிக்காரன், கணக்கில் முதுகலை படித்தவன்.

ஊர்த்தெருவில் என் அம்மா வேலை செய்யும் வீட்டுக்கும் போனேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால் நாற்காலி போட்டார்கள். நேற்று காலனி ஆட்கள் எத்தனை பேரோடு பழகினீர்கள் என்று கேட்டேன்.

“நாங்க அவுங்களோட பொழங்கறதில்ல தம்பி. பூஜ்யம்னு போட்டுக்க,” என்றார் வீட்டுக்கார அம்மாள்.

கொல்லையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. “எங்கம்மா தெனம் வராங்களே?”

“வேலைக்கு வரதெல்லாமா எழுதுவாங்க?”

அம்மா ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். “அவுங்க சொல்றத எழுதிக்கினு போடா.”

எழுதினேன். சொன்னதை மட்டுமே எழுத வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் நான் விதிக்காக எழுதவில்லை. அம்மா வீட்டுவேலை செய்பவள் என்று பேராசிரியருக்குத் தெரியக் கூடாது. என்னைப் பெற்றவளைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூசியது.

மற்ற வீடுகளிலும் அதே பதில்தான். பேராசிரியருக்கு ஏக மகிழ்ச்சி. “நடுவுல பூஜ்யம் வந்தா கணக்கு லேசு. ரெண்டையும் தனித்தனியா தீத்துடலாம்,” என்றார். ஊரில் வரும் காய்ச்சல் காலனிக்குப் போகாது என்று கணினி சொன்னது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

மழைக்காலத்தில் அம்மா வேலை செய்யும் வீட்டு மகள் சென்னையிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தாள். அவள் வாந்தியைத் துடைத்ததும் போர்வையைத் துவைத்ததும் அம்மாதான். ஒரே வாரத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தாள். அடுத்தடுத்து காலனியில் பல வீடுகளில் காய்ச்சல். காலனியிலிருந்துதான் வந்தது என்று ஊர்த்தெருவில் பேசினார்கள். அந்த வீட்டுக்கார அம்மாள், இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

எண் தவறு என்று பேராசிரியரிடம் சொன்னேன். “எல்லா வூட்டுலயும் அதானே சொல்லியிருக்காங்க?” என்றார். என் அம்மாவைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை. இரு பிரிவுகளுக்கும் தொடர்பே இல்லாததால் காலனிக்கு நோய் வேறு ஏதோ வழியில் வந்திருக்க வேண்டும் என்று அறிக்கை முடிந்தது. தட்டச்சு செய்தவனும் நான்தான்.

வீடு திரும்பிய அம்மாவுக்கு நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கியது. உங்கள் ஆபீஸில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். படித்துச் சொன்னேன்.

“அப்ப நா அந்த வூட்டுக்குப் போவவே இல்லியாடா?” என்றாள்.