பேட்டரி சத்து

மட்டாஞ்சேரியில் பேச்சை முடிக்கும்போது ‘ஆய்க்கோட்டே’ என்பார்கள். மலையாளத்தில் ஆகட்டும் என்று பொருள். நாம் கேட்டதற்கு ஒப்புக்கொள்கிறார்கள் என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன். பல நேரங்களில் அது ‘போய் வா’ என்பதற்கு ஒரு மரியாதையான வார்த்தை, அவ்வளவுதான். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் யாரும் இப்படி மென்மையாக அனுப்பிவைக்க மாட்டார்கள். சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை.

கணவருக்குத் தேவராவில் வெல்டிங் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். நான் கொச்சங்காடியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் சுக்கும் மிளகும் தரம் பிரிக்கிறேன். என் கையில் இருந்தது கணவர் பல வருடம் பயன்படுத்திவிட்டுத் தந்த போன். தொட்டால் யோசித்து யோசித்துத்தான் திறக்கும். வீடியோ அழைப்பு வந்தால் படம் நின்றுவிடும். பாதிச் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துபோகும். பக்கத்துக் கடையில் கொடுத்துப் பார்த்தேன். கடைக்காரச் சேட்டன் எதையோ செருகி அளந்துவிட்டு, “பேட்டரி சத்து, சேச்சி” என்றார். நமக்குச் சத்து என்றால் பலம். “அப்ப மாத்த வேண்டாம்ல?” என்று கேட்டேன். அதற்குள் அவர் அடுத்த ஆளிடம் திரும்பியிருந்தார். “ஆய்க்கோட்டே, ஆய்க்கோட்டே” என்றார். நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில வாரங்களில் அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெஷின் வைத்திருந்தார்கள். மறுநாள் நான் கிளம்புவதாக இருந்தது. அன்று மதியம் அண்ணன் வீடியோவில் அழைத்தான். முதலில் திரையில் வந்தது அவனுடைய சின்ன மகள். “அத்தே” என்றாள். அவளைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அண்ணன் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. “டாக்டர் மெஷின எடுத்துரலாமான்னு கேக்காரு. நீ என்னம்மா சொல்லுத?”

“வேண்டாம்ணே! நாளைக்கு வந்துருதேன், அதுவரைக்கும் பொறுங்க!” என்று கத்தினேன். கிட்டங்கியே திரும்பிப் பார்த்தது. திரையில் அண்ணன் அசையவில்லை. போன் அணைந்தது.

உடன் வேலை செய்யும் ரசியா ஓடிவந்து தன் போனை நீட்டினாள். “நம்பர் பறஞ்ஞோ சேச்சி, ஞான் விளிக்காம்.” எனக்கு அண்ணன் நம்பர் மனப்பாடமில்லை. கணவர் நம்பர் தெரியும். ஆனால் அவர் வேலைத்தளத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. சார்ஜில் போட்டு, வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். போன் உயிர்பெற்று அழைப்பு போனபோது எடுத்தது மதினி. “கழட்டியாச்சு செல்வி. கெளம்பி வா” என்றாள்.

அப்பாவின் உடலை எடுப்பதற்கு முன் ஊர் போய்ச் சேர்ந்தேன். கால்மாட்டில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா என் காதுபடவே சொன்னாள். “அப்பன் உசுரு போவுது, இவ சிரிச்சுக்கிட்டு இருக்கா.” அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் பக்கம் என் முகம் அண்ணன் மகளைப் பார்த்துச் சிரித்த நிலையிலேயே நின்றிருக்கிறது. அண்ணன் கேட்கிறான், நான் சிரிக்கிறேன், பதில் இல்லை. “போன் நின்னுட்டுண்ணே. நான் வேண்டாம்னுதான் கத்துனேன்” என்றேன். “எல்லாம் முடிஞ்ச பெறவு என்னத்துக்குப் போன் மேல பழியப் போடுத?” என்று எழுந்து போனான்.

திரும்பி வந்ததும் ரசியாவையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். “ஞான் அன்னு பறஞ்ஞதல்லே சேச்சி, பேட்டரி சத்தூன்னு?” என்றார் சேட்டன். ரசியாதான் மெதுவாகச் சொன்னாள். “சத்து என்னு வெச்சால் மரிச்சு சேச்சி. செத்துப்போச்சு.”

நாளான பேட்டரியால் திடீரென்று அதிக மின்சாரம் கொடுக்க முடியாது. அணைந்துபோகாமல் இருக்கப் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும். உள்ளே படங்களைச் சேமிக்கும் இடம் நிரம்பினாலும் திணறும். புதிதாக வரும் செயலிகள் புது போன்களை மனதில் வைத்துச் செய்யப்படுகிறவை, பழையதுக்குப் பாரம். அவர் சொல்ல ரசியா விளக்கினாள். பேட்டரியை மாற்றினோம். தொடாத செயலிகளை நீக்கினோம். இடத்தை அடைத்திருந்தது எது என்று பார்த்தால், எங்கள் குடும்பக் குழுவில் வந்த காலை வணக்கப் படங்களும் ஊர்க் கோயில் கொடை விழா வீடியோக்களும். அப்பா அனுப்பியவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை அழித்தேன். அவ்வப்போது போனை அணைத்துப் போடச் சொன்னார் சேட்டன். புதுப்பிப்பு வருவது நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைக்க வேண்டாம் என்றார். வெளியூரில் இருப்பவர்களே, இதையெல்லாம் முன்கூட்டியே செய்துவிடுங்கள். வீட்டு நம்பர் ஒன்றையாவது மனதில் வைத்திருங்கள்.

இப்போது போன் ஓடுகிறது. அண்ணன்தான் எடுப்பதில்லை. அப்பாவின் மாதப் படையலுக்கு மதினி வீடியோவில் அழைத்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். படம் தெளிவாக இருந்தது. அப்பாவின் மாலை, ஊதுவத்திப் புகை, குறுக்கே நடந்துபோகும் அண்ணனின் கால்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. மூலையில் சின்னக் கட்டத்துக்குள் என் முகம். அதை எப்படி வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. கிட்டங்கியில் எனக்குப் பின்னாலிருந்து ரசியா, “சேச்சி, சாயா ஆறிப்போகும்” என்று கூப்பிட்டாள். இங்கே பதில் சொல்ல வாயைத் திறந்தால் அங்கே என்னவாகத் தெரியுமோ என்று, உதட்டை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.