பிலோமினா அக்காவின் வி-எட்டு எஞ்சின்

பழைய அமெரிக்கக் காருக்கு எஞ்சின் பாகம் தெரிவு செய்து கொடுக்கிற தொழிலில், வருகிற எல்லாரும் முதலில் கேட்பது ரேஸ் கார். கடைசியில் அவர்களுக்குத் தேவைப்படுவது ரோட்டில் ஓடுகிற கார். வீட்டுக் கராஜில் துருப்பிடித்த ஒன்றைத் துணியால் மூடி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் கேம் ஷாப்ட் படம் பார்த்து மனைவியிடம் பேச்சு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

எங்கள் பட்டறை லண்டனில் மோர்டனுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன யூனிட். இரும்பைக் கடைவது, துளைப்பது எல்லாம் டெரி என்கிற வெள்ளைக்காரர். பாகம் தெரிவு செய்வதும் பூட்டுவதும் நான். போன வருடம் எங்களிடம் வந்த பிலோமினா அக்காவின் கதைதான் இது. மன்னார்க்காரி. லண்டனில் டபிள் டெக்கர் பஸ் ஓட்டுகிறவர். அறுபதுகளின் கடைசியில் வந்த இரண்டு கதவு அமெரிக்கக் கார் ஒன்றை, அதன் வி-எட்டு, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் செத்த நிலையில், கெண்ட் பக்கத்திலிருந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

சத்தம்தான் முதலில்

"தம்பி, இதைக் கேளும்" என்று போனை என் காதில் வைத்தார் அக்கா. யாரோ ஒருவரின் கார் நின்ற இடத்தில் நின்றுகொண்டு தடக்... தடக் தடக்... என்று திணறிக்கொண்டிருந்தது. கேம் ஷாப்ட் பெரிதாக இருந்தால் வரும் சத்தம் அது. வால்வுகளை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைத்திருப்பது என்று தீர்மானிக்கிற தண்டுதான் கேம். நீண்ட நேரம் திறந்து வைத்தால் ரேஸ் ஓடுகளத்தில் பறக்கலாம். ஆனால் மெதுவாக ஓடும்போது எஞ்சினுக்கு மூச்சு வராது.

"அக்கா, எஞ்சின் காத்தை உறிஞ்சுற இழுவையிலதான் உங்கட கார்ப் பிறேக் வேலை செய்யுது. இந்தக் கேம் போட்டா இழுவை போயிடும். சிவப்பு லைட்டில பிறேக்கை மிதிச்சா கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும்" என்றேன்.

பஸ் ஓட்டுகிறவரிடம் பிறேக் இல்லை என்று சொன்னால் போதாதா? முகம் மாறிவிட்டது. ஆனால் மனம் கேட்கவில்லை. "இப்ப எனக்குத் தந்திருக்கிறது கரண்டில ஓடுற பஸ், தம்பி. என்ர வீட்டு பிரிட்ஜ் அதைவிடச் சத்தம் போடும். எனக்கு ஒரு சத்தம் வேணும்!" என்றார். பாகங்களின் கற்றலொக்கைப் புரட்டி, பிறேக்கையும் கெடுக்காத, சத்தத்திலும் கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கிற ஒரு நடுத்தரக் கேமைக் காட்டினேன். அதை நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி, பிறேக் பிடிக்கட்டும். ஆனா லைட்டில நிக்கேக்க பக்கத்துக் கார்க்காரன் ஒருக்காவாவது திரும்பிப் பாக்கவேணும்."

பளபளக்கிற பெட்டி

அடுத்த கிழமை ஷிப்ட் முடிந்த கையோடு, யூனிபோமைக் கூட மாற்றாமல் ஓடி வந்தார். கையில் ஒரு பெட்டி. உள்ளே, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்ப்பரேட்டர் ஒன்று கண்ணாடி மாதிரி மினுங்கியது. "ஒன்லைனில எடுத்தனான். இருந்ததிலயே பெரிசு!" சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். ஆனால் அது ஓடுகளத்து எஞ்சினுக்குச் செய்தது. அக்காவின் எஞ்சினில் போட்டால் அக்சிலரேற்றரில் கால் வைத்ததும் இருமும், பெற்றோல் குடிக்கும், ஆனால் இழுக்காது.

எப்படிச் சொல்வது என்று யோசித்து, "வாய் பெரிசா இருந்தா காத்து ஆறுதலாப் போகும், அக்கா. காத்து வேகமாப் போனாத்தான் பெற்றோலை இழுத்துக்கொண்டு போய் ஒழுங்காக் கலக்கும்" என்றேன். அக்கா கார்ப்பரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, "பஸ் ஸ்டொப்பில மூண்டு பேர் நிக்க, நான் ரெண்டு கதவையும் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி. என்ன?" என்று கேட்டார். அதேதான்! பெட்டியை அவரே மூடித் திருப்பி அனுப்பினார். நான் சின்னதாக ஒன்றுக்கு ஓடர் போட்டேன்.

என்ன சொல்லிச் சிரிக்கிறோம் என்று கடைசல் மெசினை நிறுத்திவிட்டு டெரி கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "இதைச் சொல்ல எனக்கு அரை மணித்தியாலமும் ஒரு கரும்பலகையும் வேணும். அவளுக்கு இஞ்ச ஒரு வேலை குடு" என்றார்.

அந்தோனி அண்ணை கேட்டது

அக்காவின் கணவர் அந்தோனி அண்ணை ஒரு சனிக்கிழமை வந்தார். மெலிந்த மனுசன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழற்றிப் போட்டிருந்த எஞ்சினைச் செத்தவீட்டில் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். யூலையில் அவர்களுடைய தேவாலயப் பங்கு ஆட்கள் நோர்போக்கில் இருக்கிற மாதா கோவிலுக்கு யாத்திரை போவார்கள். அக்கா இந்தக் காரில்தான் போவது என்று நிற்கிறார். அண்ணை பங்கு ஒழுங்குசெய்கிற கோச் பஸ்ஸில்தான் என்று நிற்கிறார்.

காரணத்தை அவரே சொன்னார். லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு பழைய கார் வாங்கி அதில் யாத்திரைக்கு வெளிக்கிட்டிருக்கிறார்கள். மோட்டர்வேயில் எஞ்சினைக் குளிர்விக்கிற ரேடியேற்றர் தண்ணீர் கொதித்துப் பொங்கி, பின்னேரம் வரை ரோட்டோரப் புல்லில் இருந்தார்களாம். அந்த முறை மாதா சொரூபத்தைத் தோளில் தூக்க அவருக்கு இடம் கிடைத்திருந்ததாம். போய்ச் சேரும்போது பவனி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாத்திரைக்கு அவர் கோச்சைத் தவிர வேறெதிலும் போனதில்லை. இந்த முறை, அத்தனை வருடத்துக்குப் பிறகு, மறுபடியும் அவருக்குத் தோள் கொடுக்க இடம் வந்திருக்கிறது.

அன்றைக்கே என் தெரிவுகள் பாதி மாறின. சிலிண்டர்களுக்கு மேலே சூட்டை விரைவாகக் கடத்துகிற அலுமினிய ஹெட், தடித்த ரேடியேற்றர், இரட்டை மின் விசிறி. இங்கே பம்பில் கிடைக்கிற பெற்றோலுக்கு எஞ்சின் இடிக்காத அளவில் சிலிண்டருக்குள் அமுக்குகிற கொம்பிரசன். பாய்ந்து புறப்படுவதற்கென்று வைத்திருந்த பின் அச்சுக் கியரைத் தள்ளி வைத்துவிட்டு, மோட்டர்வேயில் எஞ்சின் ஆறுதலாகச் சுற்றுகிற கியரை எடுத்தேன். இவ்வளவையும் ஆர்வமாக விளங்கப்படுத்தி, எத்தனை குதிரைவலு வரும் என்றும் சொன்னேன். அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குதிரைக் கணக்கு எனக்கு வேண்டாம், தம்பி. மாதாவைத் தூக்கேக்க நான் அங்க நிப்பனோ, அதைச் சொல்லும்."

மூடாத பொனட்

டெரிக்கும் ஒரு பலவீனம் உண்டு. கார்ப்பரேட்டருக்குக் கீழே இருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புகிற மனிபோல்ட் உயரமாக இருந்தால் அவருக்கு உயிர். நான் இல்லாத நேரம் பார்த்து உயரமான ஒன்றைப் பூட்டிவிட்டார். எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கிற எயார் கிளீனருக்கு மேலே பிள்ளைகள் விளையாடுகிற களி உருண்டையை வைத்து பொனட்டை மெல்ல இறக்கினோம். நசுங்கிய பிறகு களி எவ்வளவு தடிப்போ, அவ்வளவுதான் மிச்சம் இருக்கிற இடம். அது அப்பளமாகிவிட்டது. பொனட் இன்னும் இரண்டு விரல் மேலே நின்றது.

டெரி கொஞ்சமும் அசரவில்லை. பொனட்டில் ஓட்டை வெட்டி மேலே ஒரு மூக்கு வைப்போம், அழகாக இருக்கும் என்று சோக்குக் கட்டியை எடுத்துக் கோடு போடப் போனார். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தார். தன்னுடைய பொனட்டின் மேல் சோக்குக் கட்டியோடு ஒருவர் நிற்பதைக் கண்டதும் குறுக்கே விழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினார்: "டெரி, சூட்கேஸ் மூடாட்டி உடுப்பைக் குறைப்பியோ, சூட்கேசில ஓட்டை போடுவியோ?"

முதல் வெடி

மனிபோல்ட்டைத் தாழ்ந்த ஒன்றாக மாற்றினோம்; பொனட் மூடியது. எஞ்சினை முதன்முதல் இயக்குகிற நாளுக்கு ஈடான நாள் இந்தத் தொழிலில் இல்லை. எத்தனை எஞ்சின் பூட்டினாலும் அன்று எனக்குச் சோறு இறங்காது. பக்கத்து யூனிட்டில் மட்டன் ரோல்ஸ் செய்கிறவர்கள் மாக் கையோடு வந்து நின்றார்கள். அந்தோனி அண்ணை வாசலோடு நின்றார். அக்கா சீற்றில் ஏறி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் சுற்றியது. சுற்றியது. டமார்! கார்ப்பரேட்டர் வழியாக ஒரு நெருப்பு எழும்பி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த டெரியின் இடது புருவத்தைக் கொண்டுபோனது. ரோல்ஸ்காரர்கள் ஓட்டம். அண்ணை ரோட்டுக்கே போய்விட்டார். நான் சாவியை நிறுத்தச் சொல்லிவிட்டு எஞ்சினுக்கு மேல் குனிந்தேன். பிறகுதான் விளங்கியது, எஞ்சினில் பிழை இல்லை; தீப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூற்றர் அரைச் சுற்று மாறி இருந்திருக்கிறது. கழற்றி, திருப்பி, மறுபடி இறக்கினேன். "இப்ப அடியுங்கோ, அக்கா!"

ஒரே பிடி! தகரக் கூரை அதிர்ந்தது. மேசையிலிருந்த ஸ்பனர்கள் தாமாக நகர்ந்தன. தடக் தடக் என்று அந்த முரட்டு மூச்சு, நாங்கள் தெரிவு செய்த ஒவ்வொரு பாகமும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்ட சத்தம். அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் டெரியின் நெற்றியைப் பார்க்க ஓடினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு அக்காவைப் பார்த்துக் கத்தினார்: "புருவம் முளைக்கும்! நீ இன்னொருக்கா மிதி!"

சுரங்கத்துக்கு முன்னால்

யாத்திரை நாள் விடிய, ஸ்பனர் ஆயுதப் பெட்டியோடு என்னைப் பின் சீற்றில் ஏற்றினார் அக்கா. அண்ணை வருவாரா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. கோவில் வாசலில் கோச் நிற்கிற பக்கம் அண்ணை ஒருமுறை பார்த்தார். பிறகு முன் கதவைத் திறந்து ஏறி, மடியில் ஒரு தலையணையை வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தேம்ஸ் ஆற்றின் கீழே போகிற சுரங்கத்துக்கு முன்னால் வாகனங்கள் எல்லாம் நின்றுவிட்டன. நல்ல வெயில். காரைச் சுற்றி லொறிகள். நான் பின்னாலிருந்து சூடு காட்டும் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. இன்னும் ஏறியது. அண்ணையும் அதைத்தான் பார்க்கிறார். தலையணைக்குள் விரல்கள் புதைந்துவிட்டன. அப்போது விசிறி இரண்டும் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கின. முள் நின்றது. பிறகு மெல்ல, மெல்ல இறங்கியது. நான் கத்தியே விட்டேன்.

சுரங்கம் தாண்டி ரோடு திறந்ததும் அக்கா மிதித்தார். ஆழமாக மிதித்தால் மட்டும் திறக்கிற கார்ப்பரேட்டரின் பின் வாய்களும் திறந்தன. முதுகு சீற்றோடு ஒட்டியது. முன்னால் போய்க்கொண்டிருந்த பங்குக் கோச்சை முந்தினோம். அதன் ஜன்னல் முழுக்கக் கைகள் அசைந்தன. பவனிக்கு முன்னரே, வெள்ளனவே போய்ச் சேர்ந்தோம். பவனியில் அண்ணை முன் வரிசையில் நின்று மாதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதைப் புல்வெளியோரம் நின்று பார்த்தேன். அக்கா சேலை நுனியால் கண்ணைத் துடைத்தார். எல்லாம் முடிந்து காரடிக்கு வந்தபோது அண்ணை இந்த முறை கையைப் பின்னுக்குக் கட்டவில்லை; பொனட்டைத் தடவிக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்: "திரும்பிப் போகேக்க நான் ஓட்டட்டோ?"

எஞ்சினுக்குள் இருக்கிற எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகத் தெரிவு செய்து கொடுக்க எனக்கு ஏலும். சாவி யாருடைய கையில் இருக்கவேண்டும் என்பதற்கு மட்டும் இதுவரை எந்தக் கற்றலொக்கிலும் பாகம் வரவில்லை.