விறகுக்குப் பூச்சியம் போடலாமா

பவுலினுக்கு நாற்பத்தொரு வயது. இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவைப் பதினைந்து வருடமாக நடத்துகிறாள். எடுத்த வேலையை அரைகுறையாக விட அவளுக்குத் தெரியாது. குழந்தைகளின் எடை எழுதும் கொப்பியில் ஒரு மாதம்கூட வெறுமையாக இருக்காது. அந்தக் குணம்தான் அவளை மலைச்சரிவுக்கு ஏற வைத்தது.

மாசி மாதம் நுவரெலியாவில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். ஒவ்வொரு வீடும் எவ்வளவு காபனை ஆகாயத்துக்கு அனுப்புகிறது என்று கணக்கெடுத்து அதைக் குறைப்பதுதான் திட்டம். தோட்டத்திலிருந்து ஒருவர் போயாக வேண்டும், யாருக்கும் விருப்பமில்லை, பவுலின் போனாள். நடத்தியவர் சுமன் என்ற இளைஞர். முதலில் உங்கள் வீட்டுக் கணக்கை எடுங்கள், பிறகு இருபது வீடுகளுக்குப் போங்கள் என்று சொல்லி, ஒரு படிவமும் எதை எதால் பெருக்க வேண்டும் என்ற தாளும் கொடுத்தார்.

பவுலின் அந்த மாதம் முழுவதும் எழுதினாள். கரண்ட் முப்பத்தெட்டு யூனிட். கேஸ் மூன்று கிலோ, அதுவும் விருந்தாளி வந்தால்தான் அடுப்பு பற்றும். அரிசி, பால்மா, ஹட்டனுக்கு பஸ். கணவன் றோலண்ட் பெக்டரிக்கு நடந்தே போகிறவன், இரண்டு மகள்மாரும் பள்ளிக்கு நடைதான். எல்லாம் கூட்டினால் நாலு பேருக்கு நூற்று முப்பது கிலோ காபன்கூட வரவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் பிளேனில் சுற்றுலா வந்து திரும்பினால் இரண்டாயிரம் கிலோ வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். றோலண்ட் அதைக் கேட்டுச் சிரித்தான். நாங்கள் இதற்கு மேல் குறைப்பதென்றால் சாப்பிடாமல்தான் இருக்க வேண்டும் என்றான்.

விறகு மட்டும் மீதி இருந்தது. குழந்தைகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசில் ஒரு கட்டு விறகைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு கிலோ. மாதத்துக்கு ஏழு கட்டு. ஆனால் தாளில் விறகுக்கு இரண்டு எண் இருந்தது. ஒன்று பூச்சியம். எதை எடுப்பது என்று சுமனுக்கு போன் பண்ணிக் கேட்டாள்.

"வெட்டின இடத்துல மரம் திரும்ப வளருதுன்னா பூச்சியம் போடுங்க மிஸ். வளர்ற மரம் அந்தக் காபனைத் திரும்ப எடுத்துக்கும். வளரலைன்னா முழுசா எழுதணும்."

"வளருதான்னு தெரியாதுங்களே, சேர்."

"போய்ப் பார்த்துட்டு எழுதுங்க."

பவுலின் வீட்டுக்கு விறகு கொண்டுவந்து கொடுப்பவள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பேச்சியம்மா. பென்ஷன் வாங்கியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மலை ஏறுகிறவள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பவுலின் அவளோடு போனாள்.

லயத்துக்கு நேர் மேலே முன்பு டர்பன்டைன் மரங்கள் நெருக்கமாக நின்றன. ஆறு வருடத்துக்கு முன் கொந்தராத்துக்காரன் ஒருவன் மொத்தத்தையும் வெட்டி லொறியில் ஏற்றிப்போனான். புதுக் கன்று வைப்பதாகச் சொன்னார்கள், வைக்கவில்லை. சனங்கள் முதலில் விட்டுப்போன கிளைகளைப் பொறுக்கினார்கள். அது தீர்ந்ததும் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்தார்கள். கட்டை இருந்த இடமெல்லாம் இப்போது குழி. பங்குனி வெயிலிலும் குழிகளுக்குள் தண்ணீர் நின்றது. ஒரு தளிர்கூட இல்லை.

இன்னும் கொஞ்சம் ஏறியதும் பேச்சியம்மா நின்றாள். "பாத்து வாங்க டீச்சர். இங்க தாண்டணும்."

சரிவின் குறுக்கே, பிறைபோல வளைந்து, நிலம் வெடித்திருந்தது. பவுலின் கை விரித்து வைத்துப் பார்த்தாள், ஒரு சாண் அகலம். இரண்டு பக்கமும் புல்லுக்குள் நீண்டு போய் மறைந்தது. கீழே பார்த்தால் லயத்தின் தகரக் கூரையும் பிள்ளைக் காம்பராவும் அந்தப் பிறைக்கு நேர் அடியில் கிடந்தன. பவுலின் ஒரு கல்லை உள்ளே போட்டாள். அது விழுந்த சத்தம் வரவில்லை.

"எப்பருந்து இப்பிடி இருக்குங்க அக்கா?"

"போன மழையிலருந்து. மொதல்ல ஒரு கோடாத்தான் இருந்திச்சி. கட்டோட தாண்டுறப்ப கால் கூசும். பழகிப்போச்சி."

அன்று பவுலின் விறகுக்கு முழு எண்ணை எழுதினாள். இருநூற்றைம்பது கிலோ. மற்றவை எல்லாம் சேர்ந்தும் அதில் பாதிதான். எண்ணைப் பார்த்துவிட்டு, தன் சாணை டேப்பில் அளந்து, அதன் கீழே படிவத்தில் கேட்காத ஒன்றையும் எழுதினாள்: வெடிப்பு, இருபத்தொரு சென்டிமீற்றர்.

இருபது வீட்டுக்கும் போனாள். எல்லா வீட்டு விறகும் அதே சரிவிலிருந்துதான் வந்தது. விறகைக் குறைக்க அவள் வழி சொல்லிக் கொடுத்தாள். ஈர விறகை எரிக்காமல் அடுப்புக்கு மேல் பரண் கட்டிக் காயவைப்பது, தண்ணீரை ஒரே தடவை கொதிக்கவைத்து பிளாஸ்கில் ஊற்றுவது, சோறு பாதி வெந்ததும் இறக்கிச் சாக்கால் சுற்றி வைப்பது. அவளும் பேச்சியம்மாவும் ஒரே அடுப்பில் சமைக்கத் தொடங்கினார்கள். சித்திரை முடியும்போது அவள் வீட்டுக்கு ஏழு கட்டு நாலு கட்டானது. மற்ற வீடுகளும் ஓரளவு குறைத்தன. சுமன் நேரில் வந்து பாராட்டினார்.

அவளுக்கு அதில் நிம்மதி வரவில்லை. குறைத்த விறகு பிடுங்கிய வேரைத் திரும்ப மண்ணுக்குள் வைக்காது என்று றோலண்டிடம் சொன்னாள். பிள்ளைகளின் உயரம் அளக்கும் டேப்போடு மாதம் ஒரு தடவை மேலே போனாள். சித்திரையில் இருபத்து மூன்று, வைகாசியில் இருபத்தெட்டு. அந்த நாட்களில் மழையே இல்லாமல் பீலித் தண்ணீர் கலங்கி வந்தது. சரிவின் ஊற்றிலிருந்து வரும் அந்தக் குழாயில்தான் லயம் முழுவதும் தண்ணீர் பிடிக்கும். ஒப்பீசுக்குப் போய்த் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டார், மண்சரிவு பார்க்கிற அதிகாரிகளுக்குக் கடிதம் போடுவதாகச் சொன்னார், போட்டும் இருந்தார். லிஸ்ட்டில் உங்கள் தோட்டமும் இருக்கிறது என்று பதில் வந்தது.

ஆனி மாதம் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிபோல, பிள்ளைகளுக்குப் பால் கரைக்கத் தண்ணீர் எடுக்கப் பவுலின் பீலிக்குப் போனாள். கொட்டுகிற மழையில் பீலியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வாளியோடு கொஞ்ச நேரம் நின்றாள். எப்போதும் வருகிற தண்ணீர் இப்போது எங்கே போகிறது என்று யோசித்தவள், அது வெடிப்புக்குள்தான் இறங்குகிறது என்று தோன்றியதும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பிள்ளைக் காம்பராவில் பதினொரு குழந்தைகள். பேச்சியம்மாவைக் கூப்பிட்டாள். ஆளுக்கு இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கினார்கள். மீதி ஏழு பேரும் ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். ஓடைக்கு அந்தப்பக்க மேட்டில் இருந்த கோயில்தான் நெருக்கம். ரோட்டில் கங்காணி மறித்தார். யாரைக் கேட்டுப் பிள்ளைகளை வெளியே கொண்டுபோகிறாய் என்று சத்தம் போட்டார்.

"அதுக்குப் பதில் நான் பெறகு சொல்றேங்க. நீங்க லயத்துல இருக்கிறவங்கள வெளிய வரச் சொல்லுங்க. பீலி நின்னு போச்சி."

கங்காணியும் மலையில் பிறந்தவர்தான். பீலி என்றதும் அவர் முகம் மாறியது. குடையைப் போட்டுவிட்டு லயத்துப் பக்கம் ஓடினார்.

பதினொரு மணிபோல, லொறி கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. கோயில் வாசலில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, பிறையின் இடது பாதி அப்படியே நழுவி இறங்கியது. பிள்ளைக் காம்பராவின் பின்சுவர் போனது. பேச்சியம்மாவின் சமையலறை போனது. லயத்தின் கடைசிக் காம்பரா இருந்த இடமே தெரியவில்லை.

அந்தக் காம்பராவில் இராமையா இருந்தார், முன்பு றோலண்டோடு பெக்டரியில் வேலை செய்தவர். அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிறது, குடித்துவிட்டு வருகிறேன் என்று கங்காணியிடம் சொன்னாராம். மழைக்குப் பயந்து கோயிலுக்கு ஓடுவானேன் என்றும் சொன்னாராம். இரண்டு நாள் தோண்டித்தான் அவரை எடுத்தார்கள்.

வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாய்மார் பவுலினின் கையைப் பிடித்து அழுதார்கள். ஆனால் பிள்ளைகளைக் கோயிலில் விட்டுவிட்டுத் தானே லயத்துக்குத் திரும்பிப் போயிருந்தால் இராமையா எழுந்து வந்திருப்பார் என்ற எண்ணம் அவளை விடவில்லை. நான் சொல்லியிருந்தா அவர் கேட்டிருப்பாருங்க என்று றோலண்டிடம் பல தடவை சொன்னாள். பிள்ளைகளை விட்டுப்போயிருந்தால் அதுவும் தப்பாகத்தான் இருந்திருக்கும் என்று றோலண்ட் சொன்னான். அவளுக்கும் அது தெரியும்.

சுமன் துக்கம் விசாரிக்க வந்தார். திட்டம் நடந்த தோட்டங்களில் இங்கேதான் காபன் மிகவும் குறைவு, சான்றிதழ் கொடுக்கப்போகிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பவுலின் சான்றிதழைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. விறகுக்கு ஏன் பூச்சியம் போடவில்லை என்பதை மட்டும் அறிக்கையில் எழுதச் சொன்னாள். படிவத்தில் அதற்கு இடமில்லை, தனித்தாளில் எழுதி இணைக்கிறேன் என்றார். இணைத்தாரா என்று அவளுக்குத் தெரியாது.

ஆடியில் அதிகாரிகள் வந்தார்கள். இறங்கியது பாதிதான், வலது பாதி இன்னும் மேலே நிற்கிறது என்றார்கள். ஒவ்வொரு கதவிலும் சிவப்பு எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பேச்சியம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"இங்க இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்குங்க அக்கா."

"எங்க போய் இருக்கணும்னு போட்டிருக்கா?"

பவுலின் இரண்டாம் தடவையும் முழுசாக வாசித்துப் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை.

மண் சரிந்த பிறகு ஒன்றரை மாதம் பள்ளிக்கூடத்தில் தங்கியவர்கள், பாடம் தொடங்கவேண்டும் என்றதும் லயத்துக்கே திரும்பினார்கள். பிள்ளைக் காம்பராவின் பின்சுவருக்குத் தகரம் அடித்திருக்கிறார்கள். புதிதாக இரண்டு குழந்தைகள் சேர்ந்திருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் இருபது வீட்டுக்காரரும் ஒரே பையில் போட்டுக் கோயிலில் கொடுத்துவைத்திருக்கிறார்கள். மழை பலத்தால் பவுலின் முதலில் பீலியைப் போய்ப் பார்க்கிறாள், பிறகு பிள்ளைகளைச் சேலையைப் பிடிக்கச் சொல்கிறாள். இப்போது யாரும் அவளை மறிப்பதில்லை. இந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை கோயிலுக்குப் போய் வந்துவிட்டார்கள்.