பத்தாவது முடிச்சு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தாலுகா ஆபீஸ் வாசலில் நான் மனு எழுதும் இடத்துக்கு மணி தனியாக வந்து நின்றான். பதினெட்டு வயதாகியும் அம்மா கையைப் பிடிக்காமல் தெருவைத் தாண்டாத பிள்ளை. "அம்மா எழுந்துக்கல" என்றான். பிள்ளையார்பாளையம் ராஜம்மா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

உங்களில் பலர் வீட்டுக் கதவை அவர் தட்டியிருப்பார். நெசவாளியின் மனைவி; எழுதப் படிக்கத் தெரியாது. மணிக்கு வயதுக்கேற்ற புத்தி வளராது என்று டாக்டர் சொன்ன நாள்முதல் அவர் கேட்டது ஒன்றுதான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நகராட்சிப் பள்ளியில் ஒரு வகுப்பு வேண்டும். "நம்ம புள்ளைங்களும் காலையில சட்ட போட்டுக்கினு எங்கியாவது போவணும் சாமி. அவ்ளோதான்" என்பார். பத்துப் பிள்ளைகளாவது வேண்டும், பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். பத்துப் பேர் சேராது என்ற தைரியம்தான். ராஜம்மா தாமல், வாலாஜாபாத் என்று ஊர் ஊராக அலைந்தார். "எங்க வீட்ல அப்படி யாரும் இல்லம்மா" என்று கதவைச் சாத்தியவர்களே அதிகம்.

மணிக்கு ஐந்து வயதிருந்த அந்த வருஷம், வைகாசிக் கருட சேவையன்று பெருமாள் எங்கள் தெருவுக்கு வந்தபோது எல்லோரும் வாசலில் நின்றோம், என் இளைய மகள் கோதையைத் தவிர. அவளுக்குப் பேச்சு வராது. சந்தோஷம் வந்தால் கத்துவாள். மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். பின்கட்டு அறையில் கோதையை விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டு மனு எழுதுகிறவன் நான்!

ராஜம்மா அந்தக் கூட்டத்தில் மணியை இடுப்பில் தூக்கிப் பெருமாளைக் காட்டிக்கொண்டிருந்தார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு எங்கள் படியேறினார். மேளம் ஓய்ந்த நேரம், உள்ளிருந்து கோதை கத்தினாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆடியில் மனு எழுதித் தரச்சொல்லி என்னிடம் வந்தார். மடியிலிருந்து ஒரு பட்டு நூலை எடுத்தார். வரிசையாக முடிச்சுகள். "ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ள சாமி." தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்ல, நான் எழுதினேன். ஒன்பதோடு நிறுத்தினார். நூலில் இன்னொரு முடிச்சு இருந்தது.

"இது யாருது?" என்று கேட்டேன். வெட்கங்கெட்ட கேள்வி.

"பேரு தெரியாது சாமி. கொரலுதான் தெரியும்."

கோதை என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். மூத்தவளுக்கு வந்த வரன் தட்டிப்போயிற்று. உறவில் பலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் வகுப்பு வந்தது, ஒழுகும் ஓர் அறையில். தினமும் காலையில் மணியோடு தெருமுனையில் நின்று ராஜம்மா குரல் கொடுப்பார்: "கோதம்மா, கெளம்பிட்டியா?" எங்கள் வீட்டுக்கு வெளியே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

அந்த நூல் என் பேனாப் பெட்டியில் இருக்கிறது. அவர் கொடுத்ததல்ல, அன்று மறந்து விட்டுப்போனார், நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை கோதை பாவாடை மாற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. தெருமுனைக்குப் போய், அவர் நிற்கும் இடத்தில் நின்று, தெருவே கேட்கும்படி நானே கூப்பிட்டேன்: "கோதம்மா, கெளம்பிட்டியா?"

கத்திக்கொண்டே ஓடிவந்தாள். வந்தவள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.