மாதவியின் விண்கலத்தில் ஒரு கல்யாணம்

மாதவிக்கு நான் பெரியப்பா முறை. அவளுடைய அப்பா ரங்கராஜன் என் சித்தப்பா பிள்ளை. ரங்கராஜனின் அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். அந்த அண்ணனின் கடைசிப் பெண்தான் சுந்தரவல்லி. அத்தை பிள்ளைக்கு மாமா பெண் என்று தொட்டிலிலேயே பேசிவைக்கிற வழக்கம் எங்களில் உண்டு. ஆகவே மாமா பெண்ணையே கைப்பிடித்து, கல்கத்தா துறைமுக ஆபீசில் உத்தியோகமாகி, லேக் கார்டன்ஸில் ரயில் பாதையை ஒட்டி ஒரு மாடி வீட்டையும் கட்டிக்கொண்டான் ரங்கராஜன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் வந்த கலாட்டா முழுவதற்கும் இதுதான் வேர்.

நான் லேக் மார்க்கெட் பக்கத்து மெஸ்ஸில் கரண்டி பிடித்தவன். வாரம் ஒரு நாள் லீவு. அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. மாதவி தவழ்ந்ததிலிருந்து எனக்குத் தெரியும். வீட்டுக்குள் தமிழ், வாசல்படி தாண்டினால் வங்காளி என்று வளர்ந்தாள். கோபம் வந்தால் வங்காளியில் திட்டுவாள், பசித்தால் தமிழில் கத்துவாள். ரங்கராஜன் அவளை பாங்க் பரீட்சை எழுதச் சொன்னான். எழுதினாள், பாஸும் செய்தாள், வேலைக்கு மட்டும் போகவில்லை. டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் வங்காளி சீரியலுக்கு வசனம் எழுதப் போய்விட்டாள்.

எத்தனை வருஷம் எழுதினாளோ! மாமியார் பாயசத்தில் மருந்து கலப்பாள், மருமகள் அதை நாத்தனாருக்கு ஊற்றுவாள். எல்லாம் நம் மாதவி கைங்கரியம். "ஏண்டி, உனக்குன்னு ஒரு நாத்தனார்கூட இல்லையே, எங்கேர்ந்து இத்தனை விஷம் உனக்கு வரது?" என்று கேட்பேன். "இல்லாததனாலதான் பெரியப்பா பயமில்லாம எழுதறேன்" என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்திருந்தா எனக்கு ஒரு மாமா பையன் இருந்திருப்பான். பெருமாள் குடுக்கலை, நான் என்ன பண்றது?" என்று சிரிப்பாள்.

தலை நரைத்த பிறகு அவளுக்கென்று ஒரு தொடர் கிடைத்தது. ஒரு வங்காளி சேனல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விஷம் கலக்கிற கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு விண்கலத்தைப் பற்றி எழுதினாள். எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்துக்கு முந்நூறு பேர் கிளம்பிப் போகிறார்கள். போய்ச் சேர நூறு இருநூறு வருஷம் ஆகும். கிளம்பினவர்கள் எல்லாரும் வழியிலேயே காலமாகிவிட்டார்கள். கதையில் வருகிறவர்கள் நடுவழியில் பிறந்து, நடுவழியிலேயே மண்டையைப் போடப் போகிறவர்கள். சண்டை இல்லை, ராட்சசன் இல்லை. விண்கலத்தை வெளியிலிருந்து ஒரு தரம்கூடக் காட்ட மாட்டாளாம்.

சேனலிலிருந்து ஸ்ரீமொயீ என்று ஒரு பெண் பொறுப்பாக வந்தாள். கெட்டிக்காரி. "ரோபோ எங்கே மாதவி தீ?" என்று கேட்டாள். தீ என்றால் வங்காளியில் அக்கா.

"ரோபோவும் கிடையாது, வேலைக்காரியும் கிடையாது. கப்பல்ல எல்லா ஆம்பளையும் அவனவன் தட்டை அவனவனே கழுவறான். இதைவிட எதிர்காலம் வேணுமா உனக்கு?" என்றாள் மாதவி. ஸ்ரீமொயீ சிரித்துவிட்டாள். அன்றைக்கே சம்மதம் வந்தது.

விண்கலம் எங்கே என்று கேட்பீர்கள். லேக் கார்டன்ஸ் வீடுதான். அதைப் புரமோட்டரிடம் அடுக்குமாடி கட்டக் கொடுத்தாகிவிட்டது. துர்கா பூஜை முடிந்ததும் இடிப்பதாக ஏற்பாடு. ரங்கராஜனும் சுந்தரவல்லியும் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போயிருந்தார்கள். காலி வீடு, கேட்பாரில்லை. மாதவி ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்தாள். சுவரில் மழைநீர் இறங்கின திட்டு திட்டான கறையை அப்படியே விட்டுவிட்டாள். பஜ் பஜ் லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் வீடு லேசாக நடுங்கும். ஒலி பிடிக்கிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதை எடுக்காதீங்க தாதா, அதான் நம்ம இன்ஜின்" என்றாள். மின்விசிறிச் சத்தம் கூடாதென்று அதை நிறுத்தினார்கள், நடிகர்களுக்கு வேர்த்துக் கொட்டியது. கப்பலில் குளிர்ச்சிக்கும் ரேஷன் என்று கதையிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டாள். கஷ்டம் எது வந்தாலும் கதைக்குள் போட்டு மூடுகிற சாமர்த்தியம் சீரியலில் பழகியது.

ரங்கராஜனும் சுந்தரவல்லியும் தினம் காலையில் வந்துவிடுவார்கள். கப்பலின் நடைபாதையில் ஒரு கிழத்தம்பதி உட்கார்ந்திருக்கட்டும் என்று அவர்களையும் நடிக்க வைத்துவிட்டாள். எல்லாரும் சுந்தரவல்லியை மாஷிமா, அதாவது சித்தி, என்பார்கள்; ரங்கராஜனை மேஷோமொஷாய், சித்தப்பா, என்பார்கள். சுந்தரவல்லி புருஷனை "அத்தான்" என்று கூப்பிடுவாள். வங்காளிகளில் ஒவ்வொருவருக்கும் வீட்டுச் செல்லப்பெயர் ஒன்று உண்டல்லவா, அந்த மாதிரி இதுவும் அவனுடைய செல்லப்பெயர் என்றே அக்கம்பக்கம் முழுவதும் நம்பியிருந்தது. ஒன்றிரண்டு பேர் அவனை "அத்தான் தா", அதாவது அத்தான் அண்ணா, என்று கூப்பிட்டும் இருக்கிறார்கள்!

படப்பிடிப்பு பாதியைத் தாண்டியதும், மிச்சக் கதையைக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினாள். நான் உப்புமாவும் கொத்சும் கொண்டுபோயிருந்தேன். நீல் என்ற பையனும் ஜினுக் என்ற பெண்ணும் கப்பலில் கூட வளர்ந்தவர்கள். பெரியவர்கள் கூடிப் பேசி இருவருக்கும் கல்யாணம் முடிக்கிறார்கள். கப்பலுக்கே விருந்து. சந்தோஷமான இடம். படித்துவிட்டு நிமிர்ந்தாள். ஒருவர் முகத்திலும் ஈ ஆடவில்லை.

காமிராக்காரர் புலக் தொண்டையைச் செருமினார். "மாதவி தீ, ஜினுக் யாரு? நீலோட மாமா பொண்ணுதானே?"

"ஆமா."

"அப்போ தங்கச்சி."

"தங்கச்சி எப்படி ஆவா? மாமா பொண்ணுன்னா…" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வங்காளிகளுக்கு மாமா பெண்ணும் தங்கை, அத்தை பெண்ணும் தங்கை. கூடப் பிறந்தவளுக்கும் அவளுக்கும் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். ஆயுசு முழுக்க வங்காளியிலேயே சிரித்து, அழுது, எழுதிப் பிழைத்தவள், இந்த ஒரே இடத்தில் தன்னை அறியாமல் தமிழச்சியாகிவிட்டாள். முந்நூறு பேர் மட்டும் இருக்கிற கப்பலில் ஒரு பையனுக்கு யாரைப் பார்ப்பது? முதலில் மாமா பெண்ணைத்தான். யோசிக்கவே இல்லை அவள்.

ஜினுக்காக நடித்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ தீதி, எங்கம்மா டிவி பார்ப்பாங்க!"

ஸ்ரீமொயீ மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடும்பத்தோட உக்காந்து சாப்பிடற நேரம். அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் காட்ட முடியாது. ஜினுக்கைப் பக்கத்து அறைப் பொண்ணு ஆக்கிடுங்க. இல்லேன்னா அந்த நேரத்தைச் சமையல் நிகழ்ச்சிக்குக் கொடுத்துடுவாங்க. என் கையில இல்லை."

பூஜைக்கப்புறம் வீடும் இருக்காது. இன்னொரு வீடு, இன்னொரு சேனல் என்று தேடுகிற வயசும் இல்லை. மாதவி காகிதத்தை மடித்தாள். "சரி. ஒரு வரிதானே. மாத்திடறேன்."

"ஒரு வரியா?"

சுந்தரவல்லியின் குரல். பிரம்பு மோடாவை விட்டு எழுந்துவிட்டாள். வங்காளியில்தான் பேசினாள், எனக்கு எழுத வருவது தமிழில். "நான் ஒரு வரியாடி? நான் இவருக்கு மாமா பொண்ணுதான். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணலையா? என்ன ஆயிடுத்து இப்போ? கூரை இடிஞ்சு தலையில விழுந்துடுத்தா?"

அந்த நேரம் பார்த்து லோக்கல் போயிற்று. கூரையிலிருந்து ஒரு வில்லைக் காரை பொட்டென்று உப்புமாவில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. புலக் வாயைப் பிளந்தபடி ரங்கராஜனைப் பார்த்தார். ரங்கராஜன் ரொம்ப சாதுவாக, "சின்ன வயசுல இவ பின்னலை நிறைய இழுத்திருக்கேன்" என்றான்.

மாதவிக்கே அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது. அவள் அம்மா இதை ஊருக்கு மறைத்தே வாழ்ந்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் எதிர்வீட்டு ரேபா, எங்கேயோ ஒருவன் மாமா பெண்ணைக் கட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டு, "சீச்சீ, அந்த வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து சுந்தரவல்லி வாயைத் திறக்கவில்லை. அந்த ரேபாதான் வருஷா வருஷம் பாய்ஃபோண்டாவுக்கு, அக்கா தங்கைகள் கூடப்பிறந்தவனுக்குச் சந்தனம் இடுகிற பண்டிகைக்கு, வந்து ரங்கராஜனை மணையில் உட்கார வைத்து, நெற்றியில் சந்தனம் இட்டு, சந்தேஷ் ஊட்டி, தம்பி தம்பி என்று வாழ்த்திவிட்டுப் போவாள்.

"மாஷிமா, ரத்தம் ஒண்ணுதானே?" புலக் விடவில்லை.

"ரத்தம் எப்படி ஒண்ணாகும்? என் கோத்திரம் வேற, அவர் கோத்திரம் வேற. பெரியப்பா பொண்ணுன்னா தங்கை. மாமா பொண்ணு எப்படிடா தங்கையாவா?"

"எனக்கு மாமா பொண்ணுங்க நாலு பேர். நாலு பேரும் எனக்குச் சந்தனம் வெக்கறாங்க!"

"வெக்கட்டுமே! நாங்க வேண்டாம்னா சொன்னோம்?"

ஒலிக்காரர் புலக் கட்சி. மேக்கப் போடுகிற பெண் சுந்தரவல்லி கட்சி. "அந்தக் கப்பல்ல வேற மாப்பிள்ளைக்கு எங்கே போவா பாவம்?" என்று அவள் கேட்க, "கல்யாணமே வேண்டாம், நிம்மதியா இருக்கட்டும்" என்று யாரோ சொல்ல, டீ ஆறிப்போயிற்று. மாதவி மட்டும் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள். கஷ்டத்தைக் கதைக்குள் போடுகிறபோது அவள் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, உக்காரு. புலக் தா, நீங்க காமிராவை உங்க ஆள்கிட்ட குடுத்துட்டு அம்மா எதிர்ல வாங்க. இதே சண்டையை இன்னொரு தரம் போடுங்கோ."

அப்படித்தான் கப்பலில் இரண்டு விதமான ஜனங்கள் ஏறினார்கள். ஜினுக்கை நீலுக்குத் தங்கை என்கிறவர்கள் ஒரு பக்கம், முறைப்பெண் என்கிறவர்கள் ஒரு பக்கம். பூமியை விட்டு எத்தனையோ கோடி மைல் வந்தாயிற்று. யார் சொல்வது சரி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே இருந்து ஒருவரும் வரப்போவதில்லை. ஒரு பகுதி முழுக்கச் சமையலறையில் அந்த வாக்குவாதம்தான். சுந்தரவல்லி ஒரு சொல்கூட மாற்றாமல் நடித்தாள். மூன்றாவது தரம் எடுத்தபோது புலக்கை நிஜமாகவே ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்தப் பகுதியின் முடிவில் கப்பலில் பாய்ஃபோண்டா. நீல் மணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். ஜினுக் சந்தனக் கிண்ணத்தோடு வருகிறாள். அவன் நெற்றியில் இட்டால் அவள் தங்கை. இரண்டு கட்சியும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது. அவள் சுண்டுவிரலைச் சந்தனத்தில் தோய்க்கிறாள். அவன் நெற்றி வரை விரல் போகிறது. அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு கையைத் திருப்பி, தன் புருவத்துக்கு மேலே பொட்டுப் பொட்டாக வைத்துக்கொள்கிறாள், வங்காளிக் கல்யாணப்பெண் மாதிரி. பேச்சு ஒன்றுமில்லை. இன்ஜின் சத்தம் மட்டும். அவ்வளவுதான்.

ஸ்ரீமொயீ பார்த்துவிட்டு, "இது கல்யாணமா, இல்லையா?" என்றாள்.

"கல்யாணம்னு நான் எங்கேயும் எழுதலை. வீட்டுக்கு எடுத்துண்டு போய் உங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டு."

மறுநாள் போன் வந்தது. அவள் அம்மா ஒரு கட்சி, அப்பா ஒரு கட்சியாம். சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிடவே மறந்துவிட்டார்களாம். "மேலிடத்துல நான் பேசிக்கறேன், ஒரு ஃபிரேம்கூட மாத்தாதீங்க" என்றாள். மாதவி போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "பெரியப்பா, பசிக்கறது" என்றாள், தமிழில்.

அந்தப் பகுதி காளி பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாடகை வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் மாதவியின் போன் ஓயவில்லை. வைதவர்கள் பாதி, வாழ்த்தியவர்கள் பாதி. வைதவர்களும் அடுத்த வாரம் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார்கள். சுந்தரவல்லி மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பாய்ஃபோண்டா.

காலையில் ரேபா வந்தாள். வழக்கமான கோட்டா புடவை, வழக்கமான தட்டு. உள்ளே வந்தவள் சுந்தரவல்லியை மேலும் கீழும் பார்த்தாள்.

"டிவியில புலக்கை அடிச்சது நிஜ அடிதானே?"

"நிஜந்தான்."

"கேட்ட உடனே தெரிஞ்சுது, இது எழுதிக் குடுத்த வசனம் இல்லைன்னு. திருட்டுக் கழுதை! இத்தனை வருஷமா உன் வீட்டுல எத்தனை குடம் தண்ணி குடிச்சிருக்கேன் நான்!"

"இன்னும் கொஞ்சம் தரட்டுமா?" என்றாள் சுந்தரவல்லி.

ரேபா வயிறு குலுங்கச் சிரித்தாள். ரங்கராஜன் மணையில் கண்ணை மூடி உட்கார்ந்தாயிற்று. அவள் கிண்ணத்தைச் சுந்தரவல்லி பக்கம் நீட்டி, "எங்க கணக்குப்படி நீயும் இவனுக்குத் தங்கச்சிதான். வா, நீ முதல்ல வை" என்றாள்.

"போடி!" என்று சுந்தரவல்லி அவள் கையைத் தட்டிவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, சுண்டுவிரலால் சந்தனம் எடுத்துத் தன் புருவத்துக்கு மேலே பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டாள்.

"அத்தான், நன்னாயிருக்கா?" என்றாள்.

ரங்கராஜன் கண்ணைத் திறந்து பார்த்தான். "இடது பக்கம் கொஞ்சம் கோணல்" என்றான்.